கவுன்சலிங் முதுநிலைப் படிப்பு: சேர நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் மதுரையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, 36 வயதில் கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்சி. சேர்ந்தேன். இப்போது முதுநிலை மாணவர்கள் சிலருக்குக் களப்பயிற்சி மேற்பார்வையாளராகவும் இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் டிகிரி ரிசல்ட் வந்த கையோடு போன் வர ஆரம்பித்துவிடும். கல்லூரி முடித்த பிள்ளைகள், ஐ.டி. வேலையில் சலித்துப்போனவர்கள், பிள்ளைகள் வளர்ந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்த அம்மாக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் என்கிட்டதான் கஷ்டத்தைச் சொல்வாங்க. நல்லா அட்வைஸ் பண்ணுவேன். எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா?

நாலு பேர் தேடிவந்து மனசைத் திறக்கிறார்கள் என்றால் உங்களிடம் அவர்களுக்குப் பயமில்லை என்று அர்த்தம். அது பெரிய விஷயம். ஆனால் அட்வைஸ் பண்ணும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலேயே விடவேண்டி வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

எங்கள் வகுப்பின் முதல் ரோல்-பிளே இன்னும் நினைவிருக்கிறது. உடன்படித்த தோழி ஆலோசனைக்கு வந்தவராக நடித்து, "மாமியார் என்னை மதிக்கவே மாட்டேங்கிறாங்க" என்றாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "கொஞ்சம் அனுசரிச்சுப் போனா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் நிறுத்தினார். "என்ன நடந்ததுன்னே அவங்க இன்னும் சொல்லலையே. எதை அனுசரிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். இரண்டு வருஷப் படிப்பில் நான் கற்றதில் பாதி அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

அறிவுரை கிடைக்காமல் யாரும் ஆலோசகரிடம் வருவதில்லை. அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், வாட்ஸ்அப் குழு என்று ஊரே சொல்லி முடித்த பிறகுதான் வருகிறார்கள். முழுசாகக் கேட்கிற ஒரு ஆள்தான் அவர்களுக்கு அதுவரை கிடைக்கவில்லை.

கவுன்சலிங்குக்குத் தமிழில் சரியான சொல் எது?

இணையத்தில் "கவுன்சலிங்" என்று தேடினால் பொறியியல் கலந்தாய்வுதான் முதலில் வரும். அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. பேச்சில் "மனநல ஆலோசனை" என்கிறோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆள் எடுக்கும் அரசு விளம்பரங்களில் இந்தப் பதவிக்குப் பெயர் "ஆற்றுப்படுத்துநர்". இலங்கைத் தமிழர்கள் "உளவளத்துணை" என்கிறார்கள். போரும் 2004 சுனாமியும் புரட்டிப்போட்ட வடக்கு கிழக்கில் அந்தச் சொல் மக்களிடையே நன்றாக ஊன்றிவிட்டது.

கடைசி இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆற்றுப்படுத்துநரில் உள்ள ஆறு என்றால் வழி. பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்குத் தான் போய்வந்த வழியைச் சொல்லி அனுப்புவதுதான் சங்க காலத்து ஆற்றுப்படை. இடையில் என்ன நிலம் வரும், எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்றுகூடச் சொல்வான். ஆனால் நடக்கவேண்டியவன் அந்த இன்னொருவன்தான். உளவளத்துணையில் உள்ள "துணை" என்ற சொல்லோ, கூடவே நடக்கிற ஆளைக் காட்டுகிறது. "ஆலோசனை" என்ற சொல்தான் கொஞ்சம் ஏமாற்றும். நாம் யோசனை சொல்லப்போகிறோம் என்று வருகிறவரும் நினைக்கிறார், படிக்கிறவரும் நினைக்கிறார்.

சைக்கியாட்ரிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், எல்லாரும் ஒன்றா?

இல்லை. சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். படித்து அதற்குமேல் மனநல மருத்துவம் படித்த டாக்டர். மாத்திரை எழுத இவரால்தான் முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் அது. பதிவுக்கென்று அவர்கள் அங்கீகரித்த தனிப் படிப்பு உண்டு. நீண்ட காலமாக அது இரண்டு வருஷ எம்.பில். ஆக இருந்தது. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு எம்.பில். பட்டத்தை நிறுத்தினார்கள், இந்தத் துறைக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தார்கள். இப்போது வேறு படிப்புகள் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பாதை வேண்டுமென்றால், நீங்கள் சேரும் வருஷத்தில் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் இருக்கும் பட்டியலை நீங்களே பாருங்கள். கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

கவுன்சலிங் சைக்காலஜி முதுநிலைப் பட்டம் உங்களைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது. இதைச் சேர்க்கையின்போதே தெளிவாகச் சொல்லாத இடங்கள் இருக்கின்றன. இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். குடும்பச் சிக்கல், துக்கம், தேர்வு பயம், மணமுறிவு, வேலை நெருக்கடி, மிதமான மனச்சோர்வு, பதற்றம் என்று நாங்கள் பார்க்கும் வேலை விரிந்தது. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் உடனே மனநல மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பிய பிறகும் அவரோடு தொடர்பில் இருக்கத் தெரிய வேண்டும்.

நான் பி.காம். / பி.இ. படித்தேன். சேர முடியுமா?

பல இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் சேர்க்கிறார்கள். சில இடங்களில் இளநிலையில் உளவியல் வேண்டும் என்பார்கள். மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.எஸ்.டபிள்யூ. படிப்பதும் நல்ல வழிதான். நீங்கள் ஆசிரியராக இருந்தால் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோ ஒன்று உண்டு. ஒரு வருஷம்: ஆறு மாதம் தொலைவழி, மூன்று மாதம் நேரடி வகுப்பு, மூன்று மாதம் களப்பயிற்சி. தெற்கில் இருப்பவர்களுக்கு மைசூரு மையம் பக்கம். பள்ளிக்கூட வேலைக்கு அது அருமையான அடித்தளம், ஆனால் முதுநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது.

வேறு துறையிலிருந்து வருகிறவர்கள் தாழ்வாக நினைக்க வேண்டாம். வங்கியில் பத்து வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவருக்குக் கடன் நெருக்கடியில் தவிக்கிறவரின் பேச்சு சட்டென்று புரியும்.

வேலையை விட முடியாது. அஞ்சல் வழியில் படிக்கலாமா?

இதற்கு முன்பு "கவனமாகச் சேருங்கள்" என்று சொல்லிவந்தேன். இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து, 2021-ஆம் ஆண்டுத் துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைவழியிலோ ஆன்லைனிலோ புதிதாக நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. உளவியலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. யாராவது "ஆன்லைனிலேயே கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்சி. முடிக்கலாம்" என்று விளம்பரம் கொடுத்தால், பணம் கட்டுமுன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இது பெரிய அடி. என் தோழிகள் சிலர் தொலைவழியில்தான் உளவியல் முதுநிலை முடித்தார்கள். நல்ல ஆலோசகர்களாகவும் இருக்கிறார்கள். ஆனாலும் முடிவின் காரணம் எனக்குப் புரிகிறது. நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் கிணற்றில் குதிக்க முடியாது. தொலைவழியில் படித்த அந்தத் தோழிகளும் தாங்களாகத் தேடிப்போய் ஒரு மூத்தவரிடம் வருஷக்கணக்கில் பழகித்தான் தொழிலைக் கற்றார்கள்.

எந்தக் கல்லூரி நல்லது?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் சைக்காலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் படிப்புக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு. தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் தனியார், சுயநிதிக் கல்லூரிகள் நிறைய. பெயரைச் சொல்லித் தரவரிசை போட எனக்கு விருப்பமில்லை, ஆசிரியர் மாறினால் துறையே மாறிவிடுகிறது. அதற்குப் பதில் கல்லூரிக்கு நேரில் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் உண்மையான ஆட்களோடு உட்கார்ந்து பேசும்போது, அந்தப் பேச்சை யார் பார்ப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள்?"

பதில் தெளிவாக வந்தால் கட்டணம் பற்றிப் பேசுங்கள். "இன்டர்ன்ஷிப் உண்டு, சர்டிபிகேட் கொடுப்போம்" என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள்.

எம்.எஸ்சி.க்கு முன்பு நான் ஒரு குறுகிய காலப் படிப்பில் சேர்ந்திருந்தேன். களப்பயிற்சிக்கென்று ஒரு பதிவேடு கொடுத்தார்கள். ஒரு மருத்துவமனை வராந்தாவில் பத்து நாள் உட்கார்ந்தேன், யாரும் என்னை ஒரு நோயாளியிடமும் அழைத்துப்போகவில்லை. கடைசி நாள் பதிவேட்டில் அறுபது மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார்கள். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு முதன்முதலாக ஒரு பெண் என் எதிரே உட்கார்ந்து அழுதபோது, அந்த அறுபது மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட எனக்குக் கைகொடுக்கவில்லை.

ஒப்பிட ஒரு கணக்குச் சொல்கிறேன். பிரிட்டனில் பி.ஏ.சி.பி. என்ற ஆலோசகர் சங்கத்தின் பதிவுக்குப் படிப்பின்போதே குறைந்தது 100 மணி நேரம் மேற்பார்வையோடு ஆலோசனை செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சி.ஏ.சி.ஆர்.இ.பி. அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் தொடக்கப் பயிற்சி 100 மணி நேரம், அதில் 40 மணி நேரம் ஆட்களோடு நேரடியாக. அதன்பின் 600 மணி நேரம், அதில் 240 நேரடியாக. நம் ஊரில் பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் இது வேறுபடுகிறது. அதனால்தான் எண்ணைக் கேளுங்கள், அதுவும் நேரடியாக ஆட்களோடு உட்கார்ந்த மணி நேரத்தைத் தனியாகக் கேளுங்கள் என்கிறேன்.

இரண்டு வருஷத்தில் அப்படி என்ன சொல்லித்தருவார்கள்?

கோட்பாடுகள், ஆளுமை, வளர்ச்சி உளவியல், மனநோய்களின் அடையாளங்கள், குடும்ப ஆலோசனை, ஆராய்ச்சி முறை, புள்ளியியல், கடைசியில் ஒரு ஆய்வேடு. இவை பரீட்சைக்குப் படிக்கிற பாடங்கள். புள்ளியியலைப் பார்த்து ஓடாதீர்கள், அது இல்லாவிட்டால் இணையத்தில் வரும் ஒவ்வொரு புதுச் சிகிச்சையையும் நம்பிவிடுவீர்கள்.

திறன் என்று கற்பது வேறு விதம். மூன்று மூன்று பேராக உட்காருவோம். ஒருவர் ஆலோசகர், ஒருவர் வந்தவர், மூன்றாமவர் பார்வையாளர். இருபது நிமிஷம். முடிந்ததும் பார்வையாளர் தான் கண்டதைச் சொல்வார்: எத்தனை தடவை குறுக்கே பேசினாய், எப்போது கடிகாரத்தைப் பார்த்தாய், அவள் "பரவாயில்ல" என்றபோது குரல் இறங்கியதைக் கவனித்தாயா. முதலில் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பத்து விநாடி மௌனம் ஒரு மணி நேரம் போலத் தோன்றும். பிறகு அவர் சொன்னதை அவருக்கே திருப்பித் தருவது, அவர் சொல்லாமல் விட்ட உணர்ச்சிக்கு மெதுவாகப் பெயர் வைத்துப் பார்ப்பது, தவறிப்போனால் திருத்திக்கொள்வது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரை ஒன்றை எல்லா இடத்திலும் பாடமாக வைப்பார்கள். மனமாற்றத்துக்கு வேண்டிய நிபந்தனைகளாக அவர் சொன்னவற்றில் மூன்று, ஆலோசகரைச் சேர்ந்தவை: வந்தவரின் இடத்திலிருந்து பார்ப்பது, நிபந்தனை இல்லாமல் மதிப்பது, உள்ளொன்று புறமொன்று இல்லாமல் இருப்பது. பரீட்சையில் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். மனைவியை அடித்துவிட்டு வந்து எதிரே உட்காரும் ஆளிடம் அந்த இரண்டாவதைக் கடைப்பிடித்துப் பாருங்கள், அப்போது தெரியும் அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று. அவர் செய்ததை ஏற்றுக்கொள்ளாமலே அவரை மதிக்கப் பழக எனக்குப் பல வருஷம் ஆனது.

அப்புறம் சொல்லுக்குச் சொல் எழுதும் அறிக்கை. வந்தவரின் சம்மதத்தோடு பதிவு செய்து, இருவர் பேச்சையும் அப்படியே எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். இதைப் போலக் கற்றுத்தரும் பயிற்சி வேறில்லை. என்னிடம் ஒரு மாணவி கொடுத்த அறிக்கையைச் சொல்கிறேன், அவள் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி. வந்த அம்மா, "போன தை மாசம் பையன் போயிட்டான்" என்கிறார். அடுத்த வரியில் மாணவி, "வீட்டுல வேற யார் யார் இருக்கீங்க?" என்கிறாள். "இங்கே ஏன் பேச்சை மாத்தின?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அவள் பிளஸ் டூ படிக்கும்போது அண்ணன் இறந்துபோனதைச் சொன்னாள். வீட்டில் அதைப் பற்றி யாருமே பேசுவதில்லையாம். அடுத்த வாரம் அதே அம்மாவிடம், "பையன் பேரு என்னம்மா?" என்று கேட்டிருந்தாள். அறிக்கையில் அதன்பின் மூன்று பக்கம் அந்த அம்மாவின் பேச்சுதான்.

அப்படியென்றால் சொந்தமாகக் காயம் உள்ளவர்கள் இந்தப் படிப்புக்கு வரக்கூடாதா?

வரலாம். காயமில்லாதவர் யார்? ஆனால் உங்கள் காயத்தை ஆற்றுவதற்காக மட்டும் இந்தப் படிப்பில் சேராதீர்கள். அதற்கு நீங்களே ஒரு ஆலோசகரிடம் போங்கள். படிக்கும்போதும் போங்கள். எதிர் நாற்காலியில் உட்கார்வது எப்படி இருக்கும், வாய் திறக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது அங்கே போனவருக்குத்தான் தெரியும். நேற்றுத்தான் வீட்டில் இழவு என்றால் சேர்க்கையை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். படிப்பு ஓடிப்போகாது.

பாடமெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. பேசப்போவது தமிழில். சமாளிக்க முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கல்லூரிகள் போதிய கவனம் கொடுக்காத விஷயமும் இதுதான்.

இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் எல்லாப் பக்கமும் ஒரு கேள்வி இருக்கும். அதை அப்படியே தமிழாக்கி "அதைப் பற்றி நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டால், உசிலம்பட்டியிலிருந்து வந்த அம்மா உங்களைப் புரியாமல் பார்ப்பார். நம் வீடுகளில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "அப்ப மனசு எப்படி இருந்துச்சும்மா?" என்று கேளுங்கள். "உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேளுங்கள். கொட்டிவிடுவார்.

நம் மக்கள் மனசை உடம்பின் வழியாகச் சொல்கிறவர்கள். நெஞ்சை அடைக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, தொண்டையில் ஏதோ நிற்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, தலைக்குள் விறுவிறு என்கிறது. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்பார். "ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்குள் பயமும் இருக்கலாம், வெட்கமும் இருக்கலாம், கோபமும் இருக்கலாம். "எந்த மாதிரி?" என்று மெதுவாகக் கேட்டுப் பிரித்துப் பார்ப்பது ஒரு முழு சேஷன் வேலை. "மனசு விட்டுப்போச்சு" வேறு, "மனசு வெறுத்துப்போச்சு" வேறு. இரண்டாவதைக் கேட்டால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

ஏனென்றால் சாவைப் பற்றியும் நாம் நேராகச் சொல்வதில்லை. "நான் இருந்து என்ன ஆகப்போகுது", "எல்லாரும் நிம்மதியா இருக்கட்டும்", "படுத்தா எந்திரிக்காம போயிடணும்" என்பார்கள். அப்போது பேச்சை மாற்றாமல், "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேட்கப் படிப்பு உங்களைத் தயார் செய்ய வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. பெரும்பாலும் கேட்டதும் அவருக்குப் பெரிய பாரம் இறங்குகிறது. (இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படித் தோன்றிக்கொண்டிருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு இதற்காகவே இயங்குகிறது.)

இன்னொன்று, அழைக்கும் முறை. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கும்படி பாடப்புத்தகத்தின் மாதிரி உரையாடல்களில் இருக்கும். நமக்கு அது வராது, வரவும் வேண்டாம். அம்மா, ஐயா, அண்ணே என்பது இயல்பு. ஆனால் "அக்கா" என்று உங்களை அழைக்க ஆரம்பித்துவிட்டால், அக்காவிடம் எதிர்பார்ப்பதை எல்லாம் எதிர்பார்ப்பார்கள். கல்யாணப் பத்திரிகை வரும், ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். அன்பைத் தட்டாமல் எல்லையைச் சொல்லப் பழக வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளிடம் நான் முதலிலேயே, "உன்னை வா போன்னு பேசலாமா, வாங்க போங்கன்னு பேசணுமா?" என்று கேட்டுவிடுவேன். அவர்கள் வாழ்க்கையில் அப்படி அனுமதி கேட்ட பெரியவர்கள் குறைவு.

சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்கிறார்கள். போலீஸ் கேட்டால்? வீட்டார் கேட்டால்?

வீட்டார்தான் போலீஸை விட அதிகம் கேட்பார்கள். "என்ன சொன்னா? நான்தானே மேடம் பீஸ் கட்டுறேன்" என்று கணவர் கேட்பார். கட்டணம் கட்டியதால் ரகசியம் அவருக்குச் சொந்தமாகாது. முதல் நாளே, வந்தவர் முன்னாலேயே, இதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவது நல்லது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற விதிவிலக்குகளும் அதிலேயே உண்டு. அதே சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. குடும்பங்களுக்கு இது தெரியாமல், கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது உங்களுக்குத் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-வது பிரிவில் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் உங்களை நெருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே இது நடக்கலாம். அதனால்தான் இந்தப் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். "இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் உனக்கு யாராவது தீங்கு செய்தால் உன்னைக் காப்பாற்ற நான் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும்" என்று பிள்ளையிடம் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகம்.

கோயில், தர்கா, ஜோசியம் என்று போகிறவர்களிடம் என்ன சொல்வது?

கேலி செய்யாதீர்கள். நம்மிடம் வருமுன் அவர்கள் ஏறி இறங்கிய படிகள் அவை. அங்கே அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலும் கிடைத்திருக்கும். "பரிகாரம் செய்யுங்க, கூடவே டாக்டரையும் பாருங்க" என்றால் கேட்பார்கள். ஆனால் கட்டிவைப்பது, அடிப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது என்று போனால் உறுதியாகத் தடுக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். என் மாணவர்கள் பலர் அப்போது பிறக்கவே இல்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் அதைச் சொல்கிறேன்.

வேலை கிடைக்குமா? சம்பளம்?

வேலை இருக்கிறது. சம்பளம் இன்னும் உழைப்புக்கு ஏற்றதாக இல்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்கள், குடிநோய் மீட்பு மையங்கள் என்று அரசுத் திட்டங்களில் ஆலோசகர் பணி உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படைதான். ஒப்பந்தம் புதுப்பிப்பதைப் பற்றிய கவலையோடு அடுத்தவர் கவலையைக் கேட்க வேண்டியிருப்பது பெரிய அநியாயம், அதை மாற்றச் சொல்லி நாம் குரல் கொடுக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று இணைப்பு விதிகள் சொல்வதால் பள்ளி வேலைகளும் வருகின்றன. சேரும் முன் உங்களுக்குத் தனி அறை உண்டா என்று கேளுங்கள். ஸ்டாஃப் ரூம் மூலையில் மேசை போட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. மருத்துவமனை, தொண்டு நிறுவனம், ஐ.டி. கம்பெனிகளின் ஊழியர் நலப் பிரிவு ஆகியவையும் உண்டு.

படித்து முடித்ததும் சொந்தமாகப் போர்டு மாட்டலாமா?

உடனே வேண்டாம். ஒரு நிறுவனத்தில் இரண்டு மூன்று வருஷமாவது மூத்தவர்கள் பக்கத்தில் இருங்கள். தனியாக உட்கார்ந்தால் தவறு செய்வது உங்களுக்கே தெரியாது. கவுன்சலர் என்ற பெயரைக் கட்டுப்படுத்த இதுவரை உறுதியான ஏற்பாடு இல்லாததால், வார இறுதிப் பயிற்சி முடித்தவர்கூடப் போர்டு மாட்டுகிறார். நான் சொன்ன 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் வந்தது. உங்கள் பட்டம், கல்லூரி, களப்பயிற்சிச் சான்றுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள், பதிவின்போது தேவைப்படும். போர்டில் "டாக்டர்" என்று போடாதீர்கள், கூப்பிட்டாலும் திருத்துங்கள்.

மேற்பார்வை படிப்போடு முடிவதில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மாதம் இரண்டு முறை என்னை விட மூத்த ஒருவரிடம் போய் என் வேலையைச் சொல்லிக் கேட்டுவருகிறேன்.

முதல் சேஷனை நினைத்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பத்து நிமிஷம் முன்னால் போங்கள். இரண்டு நாற்காலிகளையும் நேருக்கு நேராகப் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள், அவர் பார்வையை விலக்கிக்கொள்ள இடம் வேண்டும். கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் இருக்கட்டும், நீங்கள் கையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்காது. தண்ணீர் ஒரு சொம்பும் டம்ளரும் வையுங்கள். போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள். உங்கள் பெயரையும், நீங்கள் பயிற்சியில் இருக்கும் மாணவி என்பதையும் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். எவ்வளவு நேரம் பேசுவோம், ரகசியம் எதுவரை என்பதைச் சொல்லுங்கள். பிறகு, "சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.